வீரணன் போட்ட சூடும் சொன்ன பழியும்

என் அண்ணன் வீரணன் முட்டுகிற மாட்டின் முன்னால் போய் நின்று ஒரு சத்தம் கொடுத்தால், மாடு தலையைத் தாழ்த்திவிடும். அப்படி ஒரு குரல். அனுமந்தன்பட்டியில் மட்டுமில்லை, சின்னமனூர் வரைக்கும் மாட்டுக்குக் காய்ச்சிய இரும்பால் சூடு போட அவரைத்தான் கூப்பிடுவார்கள். காலில் வாதம் பிடித்த எருதுக்கும், வயிறு உப்பிய பசுவுக்கும் எந்த இடத்தில் கோடு இழுக்க வேண்டும் என்று அவருக்குக் கைப்பாடம். இழுத்து முடித்ததும் அந்த மாட்டின் காதில் ஏதோ பேசுவார். என்ன பேசினார் என்று யாருக்கும் சொன்னதில்லை.

மாட்டோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

எங்கள் பக்கத்து ஆட்கள் ஏலக்காய் எடுக்க மலைக்குப் போவார்கள். இறங்கும்போது பாதிப்பேர் குளிர்காய்ச்சலோடு இறங்குவார்கள். காய்ச்சல் விட்டாலும் இடது விலாவுக்குக் கீழே ஒரு கட்டி நின்றுவிடும். அது மண்ணீரல் வீங்கி நிற்பது என்று பிற்பாடு டாக்டர் சொல்லித்தான் தெரியும். நாங்கள் காய்ச்சல்கட்டி என்போம். மாட்டுக்குக் கேட்கிற சூடு மனுசனுக்குக் கேட்காதா என்று முதலில் ஒருவன் வந்து சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அண்ணன் மாட்டேன் என்றுதான் சொன்னார். அவன் அழுதான். போட்டார். கட்டி கரைந்தது. அதற்கப்புறம் வீட்டு வாசலில் ஆள் குறையவில்லை.

கரைந்தவர்கள் எல்லாம் மறுபடி மலைக்குப் போகாதவர்கள். அதை அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. சூட்டால் கரைந்தது என்றுதான் ஊரே நம்பியது.

சூடு போட்டால் பத்தியம் உண்டு. உப்பு ஆகாது, புளி ஆகாது, மோர் ஆகவே ஆகாது. கட்டி கரையாவிட்டால் பத்தியம் முறிந்துவிட்டது என்று அர்த்தம். கரைந்தால் பேர் சூடு போட்டவருக்கு. கரையாவிட்டால் பழி வயிற்றைக் காட்டியவருக்கு. இதை என் அண்ணன் வஞ்சகமாகச் செய்யவில்லை. நம்பித்தான் செய்தார். யார் வந்து என்ன சொன்னாலும் அதில் நான் இறங்கி வர மாட்டேன்.

அவருடைய வீட்டுக்காரி மலையம்மாள், தங்கச்சியான எனக்கு மதினி. இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டுக் கொஞ்சம் மூச்சுவிட்ட சமயம், அவளுக்கு இடது விலாவுக்குக் கீழே தட்டுப்பட்டது. வாய்க்காலில் குளிக்கும்போது என் கையைப் பிடித்து அங்கே வைத்தாள். விளைந்த கத்தரிக்காய் அளவுக்கு இருந்தது.

"அண்ணங்கிட்டச் சொன்னியா?" என்றேன்.

"சொன்னா என்ன செய்வாகன்னு உனக்குத் தெரியாதா? அடுப்புல இரும்பைப் போடுவாக."

அதேபோலத்தான் நடந்தது. மதினி மலைக்குப் போய்ப் பல வருசம் ஆகியிருந்தது. குளிர்காய்ச்சலும் கிடையாது. அது அண்ணனுக்குத் தெரியாததா? இடது பக்கம் கட்டி என்றால் காய்ச்சல்கட்டிதான் என்று முடித்துவிட்டார். மூன்று கோடு இழுத்தார். மதினி சத்தம் போடவில்லை. சேலை முந்தியைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை தோறும் அண்ணன் கட்டியை அமுக்கி, விரலை அடுக்கி அளந்து பார்ப்பார். அது கரைவதாக இல்லை. அவருக்கு முகம் கறுத்துக்கொண்டே வந்தது. ஊருக்கெல்லாம் கேட்ட கை தன் வீட்டில் கேட்கவில்லையே என்று யாரோ சிரித்துவிட்டார்கள் போல.

ஒருநாள் வாய்க்கால்கரையில் நாங்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். அண்ணன் விறுவிறுவென்று வந்தார். மடியிலிருந்து ஒரு கைப்பிடி புளியங்கொட்டையை எடுத்து மதினி துவைக்கிற கல்லில் வீசினார்.

"இது எப்பிடி எங்க வீட்டுக் குப்பையில வந்துச்சு? ஊருக்கெல்லாம் கரையுது, உனக்கு மட்டும் கரையலன்னா நாக்கை அடக்க முடியலன்னு அர்த்தம். திருட்டுத்தனமாப் புளி திங்கிறவளுக்கு எந்த வைத்தியம் கேக்கும்?"

"வருசத்துக்குன்னு புளி தட்டி வச்சேன். அந்தக் கொட்டை. வீரபாண்டிக் கௌமாரி மேல சத்தியம், ஒரு துளி நாக்குல வைக்கல" என்றாள் மதினி.

"சாமியை இழுக்காத."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பிப் போய்விட்டார். பஞ்சம்மாள் என்று ஒருத்தி, வாய் பெருத்தவள், "ராத்திரி எந்திரிச்சுத் தின்னியா ஆத்தா, எங்களுக்கும் கொஞ்சம் வச்சிருக்கலாம்ல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மதினி கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் தட்டிவிட்டுத் துவைத்து முடித்தாள்.

அப்புறமும் ஒரு சூடு விழுந்தது. பத்தியம் இன்னும் கடுமையாக்கினார். மதினிக்கோ நாலு வாய் கஞ்சி குடித்தால் வயிறு நிறைந்து எதுக்களிக்கும். ஆள் கழியாக வற்றினாள், கட்டி மட்டும் வளர்ந்தது. கடைசிச் சூடு ஆறாமல் சீழ் வைத்தது.

நான் பொறுக்கவில்லை. வண்டி கட்டி உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். குளிர்காய்ச்சல் மருந்தான கொயினா கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி அசையவில்லை. "இது வேற மாதிரி இருக்கு, மதுரைக்குக் கொண்டுபோங்க" என்றார்கள். அண்ணனிடம் வந்து சொன்னேன். "நீங்க வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தேனியில் ரயில் ஏறினோம். ஜன்னலோரம் மதினி, எதிரே அண்ணன். ஆண்டிபட்டி தாண்டும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் சுந்தர்ராஜ் என்று ஒரு டாக்டர். ஒல்லியானவர், மெதுவாகப் பேசுவார். மதினியைப் படுக்கவைத்து, தன் இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, விலாவுக்குக் கீழே வைத்தார். "மூச்சை நல்லா இழும்மா" என்றார். இழுத்தபோது கட்டி அவர் கைக்குக் கீழே இறங்கியது, விட்டபோது ஏறியது. "மண்ணீரல்லதான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நடுங்குகிற காய்ச்சல் வந்ததா, எப்போது வந்தது, மலையில் எத்தனை காலம் இருந்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம்தான் சூட்டுத் தழும்புகளைப் பார்த்தார்.

"இதை யார் போட்டது?"

"எங்க ஊர்ல ஒருத்தரு இருக்காக, மாட்டு வைத்தியரு. மாடுன்னா திருப்பி உதைக்கும், நான் உதைக்கல" என்றாள் மதினி.

"அந்த ஆளைக் கூட்டிட்டு வா. நான் நாலு வார்த்தை கேக்கணும்."

அண்ணன் சுவரோரம் நின்றிருந்தார். "இங்கனதாங்க நிக்கேன்" என்றார்.

டாக்டர் அவரைப் பார்த்தார். நாலு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அண்ணனுக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் பூச்சி இல்லை. சுண்ணாம்புக் கரைசல் போல ஒன்றைக் குடிக்கவைத்து வயிற்றைப் படம் பிடித்தார்கள். டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். மதினியின் இரைப்பை ஓரமாக நசுங்கிக் கிடந்தது. பந்தியில் குண்டு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி.

"அதான் நாலு வாயில வயிறு நிறைஞ்சிருக்கு" என்றார் டாக்டர். "காய்ச்சல் வீக்கம்னா ரத்தத்துல பூச்சி தெரியணும், இல்ல கொயினாவுக்காவது சுருங்கணும். ரெண்டும் இல்ல. இது மண்ணீரலுக்குள்ளயே முளைச்ச கட்டி. பரவுற கட்டியா இருக்காதுன்னு நினைக்கிறேன். திறந்து பாத்தாத்தான் நிச்சயமாத் தெரியும். மண்ணீரலோட சேத்து எடுத்துடணும்."

"அதை எடுத்துட்டா ஆள் இருக்குமாங்க?" என்றார் அண்ணன்.

"இருக்கலாம். எடுக்காமவிட்டா ஒருநாள் உள்ளயே உடையும். ரத்தமா இருக்கும்போலத் தோணுது, தொட்டா மெத்துன்னு இருக்கு. உடைஞ்சா என் கையிலயும் ஒண்ணும் இல்ல. இனிமே யாரும் அமுக்கிப் பாக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமைகள் அண்ணனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். இரண்டு கைகளையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டார்.

உடனே அறுக்க முடியாது என்றார் டாக்டர். கத்தி போக வேண்டிய இடத்தில்தான் சூட்டுப் புண் சீழ் பிடித்திருந்தது. அது ஆற வேண்டும். அதற்குள் மதினி நன்றாகச் சாப்பிட்டு உடம்பு தேற வேண்டும். ஈரல், முட்டை, உப்புப் போட்ட சோறு எல்லாம் கொடு என்றார். நோயாளிகளின் ஆட்கள் சமைக்க ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. அண்ணன் பிறந்ததிலிருந்து அடுப்பைப் பற்றவைத்தது இரும்பு காய்ச்சுவதற்குத்தான். அங்கே உட்கார்ந்து, கண்ணில் புகையோடு ஈரல் வதக்கினார்.

கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தால் மதினி வாயைத் திறக்கவில்லை.

"உப்புப் போட்டிருக்கா?"

"போட்டிருக்கேன். டாக்டர்தான் சொன்னாரு."

"எனக்கு உப்பில்லாக் கஞ்சி போதும்."

"ஏ மலையம்மா, பத்தியமெல்லாம் இனிமே வேண்டாம். சாப்பிடு."

"எப்ப வேண்டாம்னும் நீங்கதான் சொல்வீக, எப்ப வேணும்னும் நீங்கதான் சொல்வீக. நான் தின்னேன்னு ஊர் முன்னாடி சொன்னீகல்ல? தின்னலன்னு ஊர் முன்னாடி சொல்லுங்க. அதுவரைக்கும் என் பத்தியம் முறியாது. செத்தாலும் பத்தியத்தோடயே போறேன்."

நானும் கெஞ்சினேன், திட்டினேன். பக்கத்துக் கட்டிலில் கிடந்த திருமங்கலத்துக்காரி கூடச் சொன்னாள். அண்ணன் அந்த வார்டின் நடுவில் நின்று, "எம் பொண்டாட்டி பத்தியம் முறிக்கல, நான்தான் பொய்யாப் பழி சொன்னேன்" என்று உரக்கச் சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நர்சம்மா அதட்டினாள்.

மதினி தலையணையில் திரும்பிப் படுத்தாள். "இங்கன கெடக்கறவுகளுக்கு நான் யாரு, புளி யாரு? சொன்ன எடத்துல போய்ச் சொல்லுங்க."

டாக்டர் வந்தார், எடை பார்த்தார், முகம் சுளித்தார். இப்படிச் சாப்பிடாமல் இருந்தால் அறுக்கிற மேசையில் தாங்காது என்றார்.

அன்றைக்கே அண்ணன் ரயில் ஏறினார். திரும்பியபோது தனியாக வரவில்லை. பின்னால் பஞ்சம்மாள் வந்தாள், கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு. அண்ணன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். தான் சொன்னதாகத் தானே சொன்னால் மதினி நம்பமாட்டாள் என்று சாட்சி கூட்டி வந்திருக்கிறார். சாட்சிக்கு ஊரிலேயே மதினிக்குப் பிடிக்காதவளைத் தேடிப் பிடித்ததுதான் அவர் கெட்டிக்காரத்தனம்.

"சொன்னாக ஆத்தா, சொன்னாக" என்றாள் பஞ்சம்மாள், கட்டிலில் உட்கார்ந்தபடி. "துவைக்கிற கல்லு மேல ஏறி நின்னு சொன்னாக. ஈரக்கல்லு, வழுக்கி விழுந்துருவாகன்னு நான் பயந்துபோனேன். எம் பொண்டாட்டி ஒரு பொட்டுப் புளி திங்கல, நான்தான் அவ பேரைக் கெடுத்தேன், சூடும் தப்பு சொன்னதும் தப்புன்னாக. போதுமா? எனக்குந்தான் மனசு கேக்கல. அன்னைக்குச் சிரிச்சேன்ல? அதுக்குத்தான் இந்தப் பழம்."

"யாரு யாரு இருந்தா?"

"எல்லாரும். மொக்கம்மா, கருத்தம்மா, மேலத்தெரு மாயக்கா..." பஞ்சம்மாள் அங்கே நிறுத்தினாள். குரலை இறக்கினாள். "அதுதான் ஒரு மாதிரி ஆயிப்போச்சு. உங்க வீட்டுக்காரரு சொல்லி முடிக்கவும் மாயக்கா எந்திரிச்சுச்சு. 'அப்ப எம் புள்ளைக்குச் சொன்னது?'ன்னு கேட்டுச்சு. இவுக கல்லு மேலயே நின்னாக. மாயக்கா துணியைப் பிழியாமத் தூக்கிட்டுப் போயிருச்சு."

மாயக்காளின் மகன் கதை எங்களுக்குத் தெரியும். பல வருசத்துக்கு முந்தி, அப்பனோடு மலைக்குப் போய்க் காய்ச்சல்கட்டியோடு இறங்கிய பிள்ளை. அண்ணன் சூடு போட்டார். பிள்ளை செத்துப்போனது. தாய்க்காரி மோர் கொடுத்துவிட்டாள், அதனால்தான் என்று எழவு வீட்டிலேயே அண்ணன் சொன்னார். மாயக்காள் மறுக்கவில்லை.

மதினி எழுந்து உட்கார்ந்தாள். அப்புறம், "கிண்ணத்தை எடு" என்றாள். உப்புப் போட்ட ஈரலை மென்று தின்றாள். வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்து, "கொஞ்சம் கரிக்குது" என்றாள்.

புண் ஆறியது. அறுப்பதற்கு முன்னால், தேவைப்பட்டால் ஏற்ற வேண்டும் என்று எங்கள் ரத்தத்தைப் பார்த்தார்கள். அண்ணன் ரத்தம் சேரவில்லை, என்னுடையது சேர்ந்தது. "என் ரத்தங்கூட அவளுக்கு ஆகல, பாத்தியா அக்கம்மா" என்று படியில் உட்கார்ந்து சொன்னார். மதினியிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு. அவுக ரத்தம் ஏறியிருந்தா நானும் ஊருக்குச் சூடு போடக் கிளம்பியிருப்பேன்" என்றாள். மேசைக்குப் போகப்போகிறவள் பேசுகிற பேச்சா அது? அப்படித்தான் பேசினாள்.

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். வெயில் படி முழுக்க ஏறிய பிறகுதான் டாக்டர் வெளியே வந்தார். முதலில் மண்ணீரலுக்குப் போகிற ரத்தக்குழாயைக் கட்டியதாகவும், அதற்கப்புறம் மெதுவாக மேலே ஒட்டியிருந்ததைப் பிரித்து, உடையாமல் முழுசாக எடுத்ததாகவும் சொன்னார். எங்களுக்குக் காட்டினார். ஒரு பீங்கான் தட்டில் இருந்தது. கருஞ்சிவப்பு, உரித்த தேங்காயைவிடப் பெரிசு. ஒரு பக்கம் ரத்தக்குழாய்களே சுருண்டு சுருண்டு பஞ்சுபோலத் திரண்டிருந்தன.

"இது பிறவியிலேயே சிறுசா இருந்திருக்கலாம். மெதுவா வளந்திருக்கு. துண்டு வெட்டிச் சென்னைக்கு அனுப்புறேன், ஆனா கெட்ட கட்டி மாதிரி தெரியல" என்றார்.

"சூட்டுக்கு இது கரையுமாங்க?" என்று அண்ணன் கேட்டார். அவருக்கு விடை தெரியும். இருந்தும் கேட்டார்.

"சூடு தோலோட நின்னுடும். இதுக்கு அது பக்கத்துத் தெரு."

"உப்பு, புளி, மோர்?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"காய்ச்சல்கட்டிக்கு?"

"அதுக்கும் இல்ல. காய்ச்சலுக்குக் கொயினா. சின்னப் பிள்ளைகளுக்கு நேரத்துக்குக் குடுத்தா முக்காவாசி பொழைக்கும்."

அண்ணன் அந்தத் தட்டைப் பார்த்துக் கும்பிட்டார். டாக்டரைக் கும்பிட்டாரா, அதைக் கும்பிட்டாரா எனக்குத் தெரியாது.

மதினி பிழைத்தாள். சென்னையிலிருந்தும் நல்ல சேதி வந்தது. பரவாத கட்டிதான். ஊருக்கு வந்து கொஞ்ச நாளில் வாய்க்காலுக்கு நடந்து போனாள். அவளிடம் அண்ணன் பட்ட கடன் ஒருமாதிரி தீர்ந்தது. ஆனால் அவர் சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருப்பார். சூடு போடச் சொல்லி வருகிறவர்களை உத்தமபாளையத்துக்கு விரட்டினார். "பொண்டாட்டிக்கு மட்டும் மதுரை டாக்டரு, எங்களுக்கு ஒண்ணும் இல்லையா" என்று அவர்கள் வைதார்கள். கேட்டுக்கொண்டார். அதுவும் அவருக்குப் போதவில்லை.

ஒருநாள் என்னிடம் வந்தார். "மேலத்தெருவுக்குப் போகணும். துணைக்கு வா" என்றார்.

வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டே போனேன். "மோரால சாகலன்னு மட்டும் சொல்லுங்க அண்ணே. அது போதும் அந்த அம்மாவுக்கு. மத்ததைச் சொல்லி இனிமே என்ன ஆகப்போகுது?" இப்போதும் நான் அதைத்தான் சொல்வேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மாயக்காள் எங்களைவிட மூத்தவள். வாசலில் சோளம் காயப்போட்டுக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கிளறினாள். உட்காரச் சொல்லவில்லை.

"அக்கா, உன் மகன் மோரு குடிச்சதுனால சாகல. நான் சொன்னது பொய்யி" என்றார் அண்ணன்.

அவள் கை நின்றது. "கேட்டான். நெஞ்சு எரியுது ஆத்தா, ஒரு மொடக்கு மோரு குடுன்னு கேட்டான். குடுத்தேன். நீ சொன்னதுல இருந்து நான் மோரு தொடல. அவுக அப்பாவும் சாகுறவரைக்கும் என்னைய அதைச் சொல்லித்தான் வஞ்சாரு." சோளத்தை ஒருமுறை தள்ளினாள். "அப்ப எதுனால செத்தான்?"

"காய்ச்சல்னால."

நான் அண்ணன் முழங்கையைக் கிள்ளினேன்.

"மருந்து இருந்துச்சா அதுக்கு?"

அண்ணன் என் கையை எடுத்துவிட்டார். "இருந்துச்சு. கொயினா. உத்தமபாளையத்துலயே இருந்துச்சு. நீ அங்கன தூக்கிட்டுப் போறேன்னுதான் சொன்ன. நான்தான் வேண்டாம், சூடு போட்டாச் சரியாப்போகும்னேன்."

எனக்கு அது தெரியாது. அந்த நிமிசம்தான் கேட்கிறேன்.

மாயக்காள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். முகத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டதைக் குடுத்தேன்ல? குடிச்சிட்டு, நல்லாருக்கு ஆத்தான்னான். இத்தனை வருசமா அதை நினைக்கவே பயந்து கெடந்தேன். இனிமே நினைச்சுக்கிறேன்." குச்சியைக் கீழே போட்டாள். "அந்த நினைப்பைத் திருப்பிக் குடுத்ததுக்காக உன்னை வையாம விடுறேன். மத்ததுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. இந்த வாசலுக்கு இனிமே வராத வீரணா."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தோம். மதினி அடுப்படியில் இருந்தாள்.

"முழுசாச் சொன்னீகளா?"

"சொன்னேன்."

"என்ன சொல்லுச்சு?"

"வராதன்னுச்சு."

"சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றாள் மதினி. தட்டை வைத்துச் சோறு போட்டாள். அண்ணன் தின்றார். பாதியில் எழுந்திரிக்கவில்லை.

அதற்கப்புறம் அவர் மேலத்தெரு வழியாகப் போனதே கிடையாது. அவருடைய தோட்டம் அந்தத் தெருவுக்கு நேர் பின்னால் இருந்தது. தண்ணீர் பாய்ச்சப் போகும்போதெல்லாம் வாய்க்கால்கரையோடு ஊரைச் சுற்றிக்கொண்டு போவார். வயசான பிறகு, கால் வலிக்கிறதே, அந்த அம்மாதான் செத்துப்போய்விட்டதே, நேராகப் போனால் என்ன என்று சண்டை பிடித்தேன். என்னைவிட ஒரு பிடிவாதக்காரர் எங்கள் வீட்டில் உண்டு என்று அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டேன். கம்பை ஊன்றிக்கொண்டு சுற்றுவழியிலேயே போனார்.